பொய்யாய் அலறும் கருவி



கடந்த மழைக்காலத்தில் எங்கள் காரின் பின்பக்க சென்சார் பத்து நாட்களாகக் காரணமின்றி அலறிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டவுடனே நீண்ட ஒற்றை ஒலி. முதல் நாள் இறங்கிப் பார்த்தேன், பின்னால் ஒன்றுமில்லை. மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் மட்டும் பார்த்தேன். அதன்பின் பாட்டின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் காரைப் பின்னோக்கி எடுத்தேன். வழக்கம்போல் அலறியது, வழக்கம்போல் நான் பொருட்படுத்தவில்லை. சபையார் ஒருவர் ஓடிவந்து பின்கண்ணாடியில் ஓங்கித் தட்டினார். பம்பருக்கு இரண்டடி தள்ளி, உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தபடி நான்கு வயதுப் பிள்ளை. அன்று அந்தக் கருவி சொன்னது மெய். முந்திய நாட்களின் பொய்யால் அதற்கு என் செவி அடைத்திருந்தது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்கள் அனைத்திலும் இந்தச் சென்சார் கட்டாயம். நல்ல சட்டமே. ஆயினும், பொய்யாய் அலறும் சென்சார், சென்சாரே இல்லாத காரைவிட ஆபத்தானது என்பது என் துணிபு. கருவி இல்லாதவன் கழுத்தைத் திருப்பியாவது பார்ப்பான். நான் பார்க்கவில்லையே! மெக்கானிக் ஒருவர், "வயரைக் கழற்றிவிடட்டுமா, ஐயா?" என்று கேட்டார். பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

பம்பரில் பதிந்துள்ள அந்தச் சிறு வட்டங்கள் நம் செவிக்கு எட்டாத ஒலியை, வினாடிக்கு 40,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகளில், அனுப்புகின்றன. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப, வினாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆனால் எதிரொலிப்பது பிள்ளையா, புல்லா என்று அது அறியாது. வட்டத்தின்மேல் காய்ந்த சேறு, மழைத்துளி, உயர வளர்ந்த புல், நாமாகவே பின்னால் மாட்டிய இரும்புக் கம்பி, எதுவும் அதை ஏமாற்றும். அருகில் நிற்கும் லாரியின் ஏர் பிரேக் சீறினாலும் குழம்பக்கூடும். (இதை மனச்சாட்சிக்கு ஒப்பிட்டு ஒரு பிரசங்கமே செய்துவிட எனக்கு ஆசைதான். இன்று வேண்டாம், காரைப் பற்றியே பேசுவோம்.)

எங்கள் காரில் இடதுபக்கச் சென்சாரின்மேல் சேறு அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. துடைத்தும் அலறல் நிற்காவிட்டால், எஞ்சினை ஓடவிடாமல், ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை மட்டும் திருப்பி, ஒருவரை ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல சென்சார் மெல்லிய 'டிக் டிக்' ஒலி எழுப்பும். ஒலியற்றது பழுதாயிருக்கலாம், அதை மாற்றிவிடுங்கள், வயரைக் கழற்றாதிருங்கள்.

ஞாயிறுதோறும் ஆலயத்திற்குக் காரில் வருகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். வளாகம் காலியாயிருக்கும் காலையிலேயே காரைப் பின்னோக்கி நிறுத்திவிடுங்கள். ஆராதனை முடிந்து பிள்ளைகள் ஓடியாடும் வேளையில், அவர்களைக் கண்ணால் பார்த்தபடி முன்னோக்கி வெளியேறலாம். நான் இப்போது அப்படித்தான் நிறுத்துகிறேன்.