பரீட்சைக்கு முன்னே முடியும் பாதுகாப்பு

பதினாறு வயது நிரம்பாத பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதிருப்பது சட்டவிரோதம். அப்பிள்ளையைக் கூலிக்கு அமர்த்துவதும் சட்டவிரோதம். இவ்விரண்டும் இன்று இந்நாட்டின் சட்டம். ஆயினும் இச்சட்டம் நற்பிட்டிமுனைக்கும் கல்முனைக் கடைத்தெருவுக்கும் முழுமையாக எட்டிவிட்டதா என்று நாம் கேட்கிறோம். எட்டியிருப்பின், பாடசாலை மணி ஒலிக்கும் வேளையில் கடைவாசலிற் பொதி சுமக்கும் சிறுவன் யார்? கராச்சில் எண்ணெய்க் கறையோடு நிற்பவன் யார்? கரைவலை இழுக்கும் வரிசையிற் கடைசியாக நிற்கும் அந்தப் பிஞ்சுக் கை யாருடையது?

இச்சட்டம் ஆமை வேகத்தில் வந்த சட்டம் என்பதை வாசகர் மறத்தலாகாது. கட்டாயக் கல்விக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்திலேயே இருந்தது. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. ஆனால் கட்டாயக் கல்வி விதிகள் வர்த்தமானியில் வெளியானது 1997இலேதான். ஐந்து முதல் பதினான்கு வயது வரையென்று அவை வரையறுத்தன. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் வயதோ 2021 வரை பதினான்காகவே கிடந்தது. ஐந்து ஆண்டுகள் ஒரு சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்குள் இழுத்தது. மற்றச் சட்டம் வேலைத்தலத்தின் கதவைத் திறந்து வைத்தது! 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பின்னரே இந்த முரண்பாடு ஒழிந்தது.

ஒழிந்ததா? கணக்கைப் பார்ப்போம். ஜனவரி 31ஆந் திகதி ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை முதலாந் தரத்திற் சேர்கிறது. வழமையான இக்கணக்கின்படி அப்பிள்ளை பதினாறை எட்டுவது பதினோராந் தரத்து ஆண்டின் பெப்ரவரிக்கும் அடுத்த ஜனவரிக்கும் இடையிலாகும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முன்னர் டிசம்பரில் நடந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையோ 2022 மே மாதத்திலும், 2022க்குரியது 2023 மே இறுதியிலும், 2023க்குரியது 2024 மே மாதத்திலும், 2024க்குரியது 2025 மார்ச்சிலும் நடந்தன. பிள்ளை பரீட்சை மண்டபத்தின் படியை மிதிப்பதற்கு முன்னரே சட்டத்தின் காவல் நீங்கிவிடுகிறது! பதினொரு ஆண்டுகள் கட்டிக் காத்த பயிரைக் கதிர் முற்றும் வாரத்தில் வேலியைப் பிரித்து மாட்டுக்கு விடும் விவசாயி எவனும் உண்டா? வயலில் எவரும் செய்யாத மடமையைச் சட்டம் நம் பிள்ளைகள் விடயத்திற் செய்கிறது.

ஆகவே நாம் அரசாங்கத்திடம் கேட்பது ஒன்றே: கட்டாயக் கல்வியின் எல்லையும் வேலைக்கு அமர்த்தும் எல்லையும் பிறந்த தினத்தோடு முடியாமல், பதினாறு வயது அல்லது சாதாரண தரப் பரீட்சை, இவற்றுட் பிந்தியது எதுவோ அதுவரை நீளவேண்டும்.

"ஏழைவீட்டுப் பிள்ளை உழைக்காவிட்டால் அடுப்பு எரிவது எப்படி?" என்று கேட்பாருமுளர். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் இக்கேள்வியை நாம் அலட்சியஞ் செய்யோம். ஆனால் அடுப்பு எரியாததற்குக் காரணம் மகன் உழைக்காதது அன்று. தகப்பனின் உழைப்புக்கு உரிய கூலி கிடைக்காதது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாவென்றும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவென்றும் சட்டம் விதித்தது. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்தவேண்டும். சிறுவனைத் தேடிப் போகும் முதலாளி அவன் திறமையைத் தேடியா போகிறார்? மலிவைத் தேடிப் போகிறார். "தொழில் பழகுகிறான்" என்ற ஒரு சொல்லால் வேதனமும் சேமலாபமும் நியமனக் கடிதமும் ஒருங்கே மறைந்துபோகின்றன. வளர்ந்தவனுக்குச் சட்டப்படி கொடுப்பதையே சிறுவனுக்கும் கொடுக்கவேண்டுமென்றால், சிறுவனை எவர் தேடுவர்? வேதனச் சட்டமும் வயதுச் சட்டமும் ஒரே வண்டியின் இரு சில்லுகள். ஒன்று புதைந்தால் மற்றது ஓடாது.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல். தேர்ச்சி வீதம் குறைந்துவிடும் என்றஞ்சிப் பின்தங்கிய மாணவனைப் பரீட்சையிலிருந்து ஒதுக்கும் பாடசாலை எதுவாயினும், அது முதலாளிக்கு ஆட்பிடித்துக் கொடுக்கும் தரகு வேலையையே செய்கிறது. பத்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவை அதிபர் தட்டினாரா? கிராமந்தோறும் இருக்கவேண்டிய பாடசாலை வரவுக் குழு கடைசியாகக் கூடியது எப்போது?

போடிமாருக்கும் சொல்வோம். மாலையில் தன் தகப்பனுக்கு வரம்பில் உதவும் பிள்ளையை நாம் குறை கூறவில்லை. அறுவடை நாளிற் பிறர் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து பிரித்து வட்டைக்கு அழைப்பதையே கண்டிக்கிறோம்.

2019 ஜூனிற் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் தமிழர் ஒருபுறம் உண்ணாவிரதமிருந்தனர். முஸ்லிம்கள் மறுபுறம் சத்தியாக்கிரகமிருந்தனர். எல்லைக்காகத் தெருவில் அமரத் தெரிந்த இரு சமூகத்தாரும் அருகருகே வாழும் ஊர் நற்பிட்டிமுனை. பாடசாலையை விட்டுக் கடைக்குப் போகும் சிறுவர் இரு பக்கத்திலும் இருக்க, அவர்களுக்காக ஒரு தடவையேனும் ஒரே பாயில் அமர்ந்தோமா?

பள்ளிவாசல் நிருவாகத்தினரும் கோயிற் பரிபாலன சபையினரும் அதிபர்களும் வர்த்தகரும் ஒன்றுகூடி, பதினோராந் தரத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் கையில் எடுக்கட்டும். பட்டியலில் உள்ளவனைப் பரீட்சை முடியும்வரை எக்கடையும் வேலைக்கு ஏற்காது என்று உறுதி செய்யட்டும். இதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. மீறுவோரைப் பற்றிச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் எவரும் அறிவிக்கலாம்.

சட்டம் திருந்தும்வரை ஊர் காத்திருக்க வேண்டுமா? ஊர் முந்தட்டும், சட்டம் பின்னால் வரட்டும்!