அழகையா கூச்சப்படவில்லை



பி.பி.சி. என்றதும் நம் உசிலம்பட்டிப் பக்கத்துச் சீயான்களுக்கு இரவு ஒன்பதேகால் மணித் தமிழோசைதான் ஞாபகம் வரும். சிற்றலையில் கரகரவென்று வந்தாலும் விடாமல் கேட்ட ஆட்கள். 2017 ஏப்ரலோடு அந்த ஒலிபரப்பு நின்றுவிட்டது. நான் இந்த முறை பேச நினைப்பது, அதே பி.பி.சி.யின் டி.வி.யில் ஆங்கிலத்தில் செய்தி சொன்ன ஒரு தமிழரைப் பற்றி. ஜார்ஜ் அழகையா.

1955-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா இன்ஜினியர். இலங்கையில் தமிழர்களுக்கு நெருக்கடி கூடிக்கொண்டே போன காலம். 1961-ல் குடும்பம் ஆப்பிரிக்காவில் இருக்கும் கானாவுக்குப் போனது. அங்கிருந்து பையனை இங்கிலாந்தில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்று கண்காணாத ஊரில் விட்டுவிட்டு, பஸ் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொள்வது நம் வீடுகளுக்குப் புதிதா என்ன?

1989-ல் பி.பி.சி.யில் சேர்ந்தார். சோமாலியாவின் பஞ்சம், ருவாண்டாவின் இனப்படுகொலை என்று ஆப்பிரிக்கா முழுக்க அலைந்தார். மண்டேலாவைப் பேட்டி எடுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்குப் போனபோது தாத்தாவின் வீடு இடிந்து கிடந்தது. சின்ன வயதில் அக்கா தங்கைகளோடு விளையாடிய கிணற்றை வைத்துத்தான் அந்த இடத்தை அடையாளம் கண்டார். 2003-லிருந்து ஏறக்குறைய இருபது வருஷம், பிரிட்டன் வீடுகளில் மாலை ஆறு மணிச் செய்தி என்றால் அவர் முகம்தான். 2008-ல் பிரிட்டிஷ் அரச விருது.

விருதை விடுங்கள். தன் புத்தகத்தில் அவர் எழுதிய ஒரு சம்பவம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

சோமாலியாவில் குஃப்கடூத் என்ற குக்கிராமம். பஞ்சம் தின்ற ஊர். அங்கே எலும்பும் தோலுமாக இருந்த ஒரு மனிதர் இவரைப் பார்த்து லேசாகச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பின் காரணம் இவருக்குப் பிடிபடவில்லை. விசாரித்தால், அது கூச்சமாம். இந்தக் கோலத்தில் அந்நியர் கண்ணில் பட்டுவிட்டோமே என்ற வெட்கம். பசியைக் கொண்டுவந்தவர் அவரில்லை. ஆனாலும் வெட்கப்பட்டது அவர்தான். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று அழகையா மருகியிருக்கிறார்.

கூச்சம் என்றதும் நம் வீடுகளுக்கு வர நினைக்கிறேன். அதற்கு முன் அழகையாவின் மீதிக் கதை.

2014-ல், 58 வயதில், அழகையாவுக்குக் குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே நாலாம் கட்டம். கல்லீரல் வரை பரவியிருந்தது. டி.வி.யில் கோட்டும் டையுமாக வருகிற மனிதர், மலம் போகிற பாதையில் வந்த நோயைப் பற்றி ஊரறியப் பேசுவாரா? பேசினார். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்துத் திரும்பி வந்து செய்தி வாசித்தார். நோய் மறுபடி வந்தபோதும் மறைக்கவில்லை.

அவர் கேட்ட ஒரு கேள்வி முக்கியம். மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டியை பிரிட்டனில் வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறார்கள். ஸ்காட்லாந்தில் 50 வயதிலேயே வந்துவிடும். இங்கிலாந்தில் அப்போது 60 ஆக வேண்டும். "நான் ஸ்காட்லாந்தில் குடியிருந்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்பார்களே" என்று கேட்டார். நியாயம்தானே? பிறகு இங்கிலாந்திலும் படிப்படியாக 50-க்கு இறக்கினார்கள். ஒன்பது வருஷம் போராடிவிட்டு, 2023 ஜூலை 24 அன்று, 67 வயதில் அவர் இறந்துபோனார்.

நமக்குத் தபாலில் எந்தப் பெட்டியும் வராது. அரசின் பொதுவான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்குத்தான். குடலுக்கு நாமாகத்தான் கேட்டுப் போக வேண்டும். ஆனால் நாம் எங்கே போகிறோம்? ரத்தம் போனால் சூடு என்று இளநீர் குடிக்கிறோம். அல்லது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் மூலம், பௌத்திரம் நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் போடுகிறோம். ஆண்கள் பொண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை. அப்பத்தாக்களோ, மருமகளிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் மூலம்தானா என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், சுவர் அல்ல. குடலுக்குள் சின்னக் கட்டியாகத் தொடங்குவது புற்றாக மாறப் பல வருஷம் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால், குழாய் விட்டுப் பார்க்கும்போதே கட்டியை எடுத்துவிடலாம். புற்றாகவே இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள்.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, வயதானவருக்குத் திடீர் ரத்தசோகை. இவற்றில் எது இருந்தாலும் நம் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு குடல் புற்று வந்திருந்தால், சோதித்துக்கொள்ள ஐம்பது வயது வரை காத்திருக்கவும் வேண்டாம்.

டாக்டர் முன்னால் எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமா? "வெளிக்குப் போகையில ரத்தம் போகுது, மூலமா வேறயான்னு பாக்கணும்." இவ்வளவு சொன்னால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

அன்புடன்,
ஆசிரியர்