இடம் கிடைத்தால் போதுமா?

செலண்டாரில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எஸ்பிஎம் முடிவு வந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், மெட்ரிகுலேஷன் கிடைக்குமா?” லொண்டாங்கில் உள்ள மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரியானாலும் எஸ்டிபிஎம் ஆனாலும் அது நுழைவாயில் மட்டுமே. அறிவியல் பட்டம் வாங்க என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு; விரிவுரை, ஆய்வுக்கூடம், சொந்தப் படிப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆக மொத்தம் 4,800 மணி நேரம்.

அந்த உழைப்புக்குச் சான்றாக, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பழைய மாணவி தன் ஆய்வுக்கூட அறிக்கையைக் காட்டினாள். பியூரெட் அளவு 24.35 மில்லிலிட்டர், மூன்று முறை எடுத்த அளவுகள், பிழைக் கணக்கு, அவள் கண்ட முடிவு எல்லாம் வரிசையாக இருந்தன. பரிசோதனையை மனப்பாடம் செய்தே தேர்வு எழுதிய பிள்ளை இங்கேதான் திணறுகிறது.

பெற்றோர்களே, படிவம் நான்கிலேயே பிள்ளையின் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைக் கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக நுழைவுக்கு வேண்டிய மூவெட் ஆங்கிலத் தேர்வுக்கான வாசிப்பையும் அப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஆலய நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது பட்டதாரிகளை அழைத்து, பட்டம் வாங்க என்ன வேண்டும் என்பதை விளக்கச் செய்யட்டும். இடம் வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை.