அனுதாபம் போதாது, ஆடுகளம் வேண்டும்!

அடே அடெபிடன் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1973இல் பிறந்தவர். பதினைந்தாம் மாதத்தில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அந்நோய்க்குத் தடுப்பூசி 1955இலேயே உபயோகத்துக்கு வந்துவிட்டது. மருந்து வந்து பதினெட்டு ஆண்டுக்குப் பின் பிறந்த குழந்தையின் கால் முடங்கியதென்றால், குற்றம் கிருமியின் மேல் மட்டுமா? ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு மருந்து எப்போதும் தாமதித்தே வருகிறது.

அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் லண்டனின் கிழக்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிகள் நெருங்கி வாழும் வட்டாரம் அது. காலில் இரும்புப் பட்டை கட்டி நடந்த அச்சிறுவனை, சக நண்பர்கள் கடைச் சாமான் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தெருவில் தள்ளிச் சென்றார்கள். அதைக் கண்ட இரண்டு இயன்முறை சிகிச்சையாளர்கள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆட அழைத்தார்கள். சிறுவனுக்கு முதலில் மனமில்லை. பிரிட்டிஷ் அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்ததும் எண்ணம் மாறியது. 2004இல் ஏதென்ஸ் பாராலிம்பிக் போட்டியில் அதே பிரிட்டனுக்காக ஆடி வெண்கலப் பதக்கம் பெற்றார்.

‘தனிமனித முயற்சியின் வெற்றி’ என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் இதைப் புகழும். முயற்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் வருமுன்பே அணியும் களமும் அங்கே காத்திருந்தனவே, அவை எப்படி வந்தன? யுத்தத்தில் காயமுற்ற அமெரிக்கச் சிப்பாய்கள் 1946 வாக்கில் ஆஸ்பத்திரிகளில் ஆடத் தொடங்கிய ஆட்டம் இது. பிரிட்டனில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த வைத்தியர் லுட்விக் குட்மான், சக்கர நாற்காலியில் அமர்ந்தோருக்கான போட்டிகளை 1948 ஜூலையில் துவக்கினார். அனைவருக்கும் சர்க்கார் செலவில் வைத்தியம் என்ற திட்டம் அந்நாட்டில் அமலுக்கு வந்ததும் அதே மாதம்தான். ஒரு சிறுவன் நடந்த பாதையைச் சமுதாயம் முன்பே போட்டு வைத்திருந்தது.

இந்த ஆட்டத்தின் விதி ஒன்றைத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டும். உடல் இயக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. குறைந்த புள்ளி என்றால் அதிகப் பாதிப்பு. களத்தில் இறங்கும் ஐவரின் மொத்தம் 14ஐத் தாண்டக்கூடாது. அதிகம் பாதிக்கப்பட்டவர்களை ஒதுக்கிவிட்டு இங்கே அணி சேர்க்கவே முடியாது! கூடையோ எல்லோருக்கும் உள்ள அதே பத்தடி உயரத்தில்தான் தொங்குகிறது. முதலாளியின் கணக்கு இதற்கு நேர் விரோதமானது. இயந்திரத்தில் கை போனவருக்குக் கணக்குத் தீர்த்து, கேட்டுக்கு வெளியே அனுப்புவதே அவன் விதி.

நம் நாட்டில் மட்டும் திறமைக்குப் பஞ்சமா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் அவர்கள் பங்குகொள்ள வழி செய்வது சர்க்காரின் கடமை என்று 30ஆவது பிரிவில் கூறுகிறது. மறு ஆண்டே, 2017 ஜூலையில், சரக்கு-சேவை வரி என்ற பெயரில் சக்கர நாற்காலிக்கு 5 சதவீத வரி போடப்பட்டது. நடக்க இயலாதவர் நகர்வதற்கும் வரி!

கதிரடிக்கும் இயந்திரத்தில் கால் இழந்த விவசாயத் தொழிலாளியின் மகனும், ஆலை விபத்தில் முடங்கிய இளைஞனும் யாருடைய பரிதாபத்தையும் யாசிக்கவில்லை. ஒவ்வொரு மாவட்ட விளையாட்டு அரங்கிலும் சாய்தளம், ஆடுவதற்கேற்ற நாற்காலிகள், பயிற்சியாளர், போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைச் சர்க்கார் தரவேண்டும். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கூலி, நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து எழுப்பட்டும்!