புள்ளிகளால் ஒரு பயணம்: கணக்குப் பார்த்தோமா?



வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகின்றது. கிரெடிட் கார்டு வாங்கிச் செலவு செய்தால் புள்ளிகள் சேருமாம். அப்புள்ளிகளைக் கொடுத்தால் விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் இலவசமாகக் கிடைக்குமாம். தம் தாயாரை இவ்வழியில் உம்ராவுக்கு அழைத்துச் செல்லலாமா என்று பாகூர்ப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் கேட்டிருக்கின்றார். எண்ணம் உயர்ந்தது. ஆதலால் அவருக்கான பதிலை எண்களோடு சொல்வதே முறை.

முதலில், இப்புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? கடைக்காரரின் இயந்திரத்தில் கார்டைத் தேய்க்கும்போது, விலையில் ஒரு சிறு பங்கு வங்கிக்குக் கட்டணமாகப் போகின்றது. அக்கட்டணத்திலும், கார்டு வைத்திருப்போர் செலுத்தும் ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி ஆகியவற்றிலும் இருந்தே புள்ளிகளுக்கான பணம் கிடைக்கின்றது. சில கடைகளில் 'கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல்' என்கின்றார்களே, அங்கே தேய்த்தால் நமக்குக் கிடைக்கும் புள்ளியின் மதிப்பைவிட நாம் கொடுப்பது அதிகம். இதைக் கவனியாமல் புள்ளி சேர்கிறதென்று மகிழ்வோர் பலர்.

இனி ஓட்டல் அறைக்கு வருவோம். எச்.டி.எஃப்.சி. வங்கியும் மாரியட் நிறுவனமும் இணைந்து 2023ஆம் ஆண்டில் ஒரு கார்டை அறிமுகப்படுத்தின. அப்போது அறிவித்தபடி ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய்; வரியோடு 3,540 ரூபாய். மளிகை, துணி போன்ற பொதுச் செலவுகளில் 150 ரூபாய்க்கு 2 புள்ளிகள். மாதம் 15,000 ரூபாய் செலவிடும் குடும்பத்துக்கு மாதம் 200 புள்ளிகள் சேரும். 15,000 புள்ளிகள் சேர 75 மாதங்கள், அதாவது ஆறேகால் ஆண்டுகள் ஆகும். அதற்குள் 11,25,000 ரூபாய் செலவாகியிருக்கும். கட்டணம் செலுத்துவோர்க்கு 15,000 புள்ளி அளவுக்குள் ஓர் இரவு தங்கும் சலுகையும் அக்கார்டில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அத்தகைய ஓட்டலில் தங்குகின்ற வணிகருக்கு அது ஆதாயமே. ஆனால் நாகூருக்குப் போனால் எண்ணூறு ரூபாய் அறையில் தங்கிவரும் குடும்பம், 3,540 ரூபாய் கொடுத்து ஓரிரவுச் சலுகை பெறுவதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

புள்ளியின் மதிப்பும் நம் கையில் இல்லை. இன்ன ஓட்டலுக்கு இத்தனை புள்ளி என்று மாரியட் முன்பு பட்டியல் வைத்திருந்தது. 2022 மார்ச்சில் அதைக் கைவிட்டது. அதன்பின் கூட்டம் மிகும் நாளில் புள்ளியும் கூடுதலாகக் கேட்கப்படும். ரமலானில் மக்கா ஓட்டல்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? ஹரமுக்கு எதிரே கடிகாரக் கோபுர வளாகத்திலுள்ள ஃபேர்மாண்ட், சுவிஸோட்டல், ராஃபிள்ஸ் மூன்றும் அக்கோர் நிறுவனத்தைச் சேர்ந்தவை. அங்கே 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு என்பது கணக்கு. கழிவு போக மீதியை நாமே கொடுக்க வேண்டும். புள்ளி கொடுத்துப் பெறும் விமானச் சீட்டுக்கும் வரியையும், சில நிறுவனங்களில் எரிபொருள் கட்டணத்தையும் ரொக்கமாகச் செலுத்த வேண்டும்.

ரயிலுக்கும் ஒரு கார்டு உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனமும் சேர்ந்து வழங்குவது அது. அதன் பெரிய சலுகை குளிர்பதன வகுப்புகளுக்கே. வில்லியனூர் நிலையத்தில் ஏறி விழுப்புரம் போய், அங்கிருந்து ஸ்லீப்பர் வகுப்பில் வெளியூர் செல்லும் நம் குடும்பங்களுக்கு அதனால் பெரும்பயன் இல்லை.

இவையெல்லாம் சிறு கணக்குகள். பெரிய கணக்கு வட்டி.

குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு மட்டுமன்றி, அதன்பின் வாங்கும் புதுப் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் இது மாதத்துக்கு மூன்றரை விழுக்காட்டை ஒட்டியது; ஆண்டுக்கு 42. அந்த வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. 50,000 ரூபாயை ஒரு மாதம் நிலுவையில் விட்டால் வட்டி 1,750, வரி 315, மொத்தம் 2,065 ரூபாய். அதே 50,000 ரூபாய்ச் செலவுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற நல்ல விகிதத்தில் புள்ளி கிடைத்தாலும் மதிப்பு 500 ரூபாய்தான். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்திருந்தது. உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அத்தீர்ப்பை நீக்கிவிட்டது.

நமக்கு இதில் இன்னொரு கேள்வியும் உண்டு. வட்டியே கட்டாதவர், 'தாமதித்தால் வட்டி தருவேன்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா? சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது, வட்டி நிபந்தனை உள்ள கிரெடிட் கார்டு, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று முடிவு செய்தது. வட்டி விழாதபடி உறுதியாகக் கட்டிவிடுபவருக்குத் தேவையின்பேரில் இடமுண்டு என்று கூறும் அறிஞர்களும் இருக்கின்றார்கள். சகோதரர் தம் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவது நலம். ஆனால் வட்டி கட்டியும் புள்ளி சேர்ப்பதற்கு இவ்விரு சாராரிடமும் இடம் இல்லை. பயணம் உம்ராவாக இருக்கும்போது இதனை அலட்சியம் செய்யலாகாது.

மற்றொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். புள்ளிக்காக நண்பருக்கும் மச்சானுக்கும் பொருள் வாங்கத் தம் கார்டைத் தேய்த்து, 'பணத்தைப் பிறகு கையில் கொடு' என்கின்றார்கள். கொடுக்க வேண்டியவர் பத்து நாள் தாமதித்தால் வங்கி அவரைத் தேடாது. கார்டுக்கு உரியவரையே தேடும். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டால் பணம் எடுத்தாலோ தவணையே கிடையாது. அன்றே வட்டி தொடங்கும்.

கார்டே இல்லாமல் புள்ளி சேர்க்க ஒரு நேர்வழி உண்டு. அதைத்தான் நம்மவர் விட்டுவிடுகின்றார்கள். விமான நிறுவனங்களின் பயணியர் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. வளைகுடாவில் வேலை செய்யும் மகனும் பாரிஸில் குடியேறிய மாமாவும் ஆண்டுதோறும் பறக்கத்தானே செய்கின்றார்கள்? சீட்டு எடுக்கும்போது உறுப்பினர் எண்ணைச் சேர்த்தாலே மைல்கள் வரவாகும். எமிரேட்ஸ் நிறுவனத்தில் குடும்பத்தார் எட்டுப் பேர் வரை ஒரே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காலாவதி நாளை மட்டும் கவனிக்க வேண்டும். அம்மாவின் சீட்டில் ஒரு பகுதியாவது அதிலிருந்து குறையக்கூடும்.

ஏற்கெனவே கார்டு வாங்கி, வேண்டாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. மிச்சமுள்ள புள்ளிகளை முதலில் பயன்படுத்துங்கள். பிறகு நிலுவையை முழுதும் தீர்த்து, கார்டை மூடும்படி எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தையோ குறுஞ்செய்தியையோ பத்திரப்படுத்தி வையுங்கள்.