கன்னியாகுமரியிலிருந்து காரில் ஒரு நாள்: திங்கள்கிழமை வேண்டாமே!

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்தாச்சு. காரும் ரெடி. அடுத்து எங்கே? பலரும் மேப்பைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவார்கள். இங்கே அது சரிவராது. கதவு சாத்தும் நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் தக்கலை அருகே, சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பதோ கேரள அரசு. திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாள்களிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிடுவார்கள். அதனால் காலை 9 மணிக்கே வாசலில் நின்றுவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, செங்குத்தான மரப்படிகளில் ஏறி இறங்க வேண்டும். மூட்டுவலி உள்ள தாத்தா, பாட்டியை அவசரப்படுத்த முடியாது. இரண்டு மணி நேரமாவது வேண்டும். கண்ணாடிபோல மின்னும் கருந்தரையைக் குனிந்து பார்க்காமல் வராதீர்கள்.

அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் மேல், 115 அடி உயரத்தில் ஓடும் வாய்க்கால் பாலம். ஓரமாக நடந்தே கடக்கலாம். நிழல் கிடையாது, தொப்பி அவசியம். குழந்தைகளின் கையை விடவே கூடாது.

அங்கிருந்து திற்பரப்பு அருவி. மாற்றுத் துணி காரிலேயே இருக்கட்டும். கனமழை பெய்திருந்தால் குளிக்க அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

சுசீந்திரம் கோயில் வழியில்தான் இருக்கிறது. ஆனால் மதியம் நடை சாத்தியிருக்கும். மாலையில் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

திங்கள்கிழமைதான் லீவு கிடைத்ததா? அரண்மனையை விட்டுவிட்டு, நேராகத் தொட்டிப்பாலத்துக்கு வண்டியை விடுங்கள்.