பல் பிடுங்கிய எல்ஃப்கள்

1954-ல் இரண்டு நாவல்கள். டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' முதல் பாகத்தில் எல்ஃப்கள் சாவற்றவர்கள், துயரம் தோய்ந்த ஞானிகள். போல் ஆண்டர்சனின் 'முறிந்த வாள்' நாவலிலோ மனிதக் குழந்தையைத் திருடிவிட்டு, தொட்டிலில் மாற்றுக் குழந்தையைக் கிடத்திப் போகிறவர்கள். வாசக ரசனை முதலாவதையே வரித்துக்கொண்டது. டோல்கீனை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1977-ல் வந்த 'சில்மரில்லியன்' நூலில் எல்ஃப்கள் கப்பல்களுக்காகத் தம் இனத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள். நகலெடுத்தவர்களுக்கு இது தேவைப்படவில்லை. கூர்ங்காதும் வில்லும் போதுமாயிருந்தன. பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் எல்ஃப் என்பது நோய்க்குக் காரணம். அதற்கு மருந்தே எழுதிவைத்தார்கள். அந்தப் பயத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அழகான மனிதன்தான். தன்னையே ரசித்துக்கொள்ள வாசகனுக்கு இன்னொரு கண்ணாடி. இதற்குக் கற்பனை என்று பெயர் வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.